நாகையில் ஏறும் புயலுக்கு திண்டுக்கல் நேர் ரோடு! பாதை முன்கூட்டியே தெரிகிறது. பாலிசி யாரிடம் இருக்கிறது?

"புயலா? அது நாகப்பட்டினம், கடலூர்க்காரங்க சமாச்சாரம். நமக்கு ரெண்டு தூறல் போட்டாலே பெரிசு!"

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் திண்டுக்கல் டீக்கடைகளில் அடிபடும் பேச்சு இது.

பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கிட்டத்துக் கடற்கரையே இங்கிருந்து 100 கி.மீ.க்கு மேல். துறைமுகம் இல்லை. துறைமுகம் இல்லாததால் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றக் கம்பமும் இல்லை. "10-ம் நம்பர் கூண்டு ஏற்றம்" என்று பேப்பரில் படித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி சினிமா விளம்பரம் பார்ப்பதுதான் நம்ம ஊர் வழக்கம்.

ஆனால் 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி நடந்தது என்ன?

அன்று நள்ளிரவு 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையே நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது "கஜா" புயல். காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல். புதுக்கோட்டைச் சீமையைப் புரட்டிப் போட்டுவிட்டு மேற்கே நடந்தது. பொழுது விடிந்து காலை வேளையில் அது எங்கே நின்றது தெரியுமா? நம்ம திண்டுக்கல் பக்கத்தில்!

வேகம் குறைந்து "ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று பேர் மாறியிருந்தது. பேர் மாறினால் என்ன? கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கரண்ட் போனது. அரசின் பாதிப்புப் பட்டியலில் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை ஆகியவற்றோடு திண்டுக்கல் மாவட்டத்தின் பேரும் ஏறியது. மலையைத் தாண்டி கேரளாவுக்குப் போன பிறகுதான் புயல் நம்மை விட்டது.

ஒரே கோடு

இது தற்செயலா? படத்தை எடுத்துப் பாருங்கள்.

வேதாரண்யமும் திண்டுக்கல்லும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 200 கி.மீ. இடையே டெல்டா சமவெளி, புதுக்கோட்டைப் பொட்டல், பிறகு மணப்பாறை. புயலைத் தடுத்து நிறுத்தும் பெரிய மலை எதுவும் குறுக்கே கிடையாது. சிறுமலையும் கொடைக்கானல் மலையும்தான் அதற்கு முதல் சுவர். கார்த்திகை மாதத்துப் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். அப்படியானால் வேதாரண்யத்தில் ஏறுவது வந்து சேரும் ஊர் எது? நீங்களே சொல்லுங்கள்.

புயல் தன் இஷ்டத்துக்கு நடப்பதில்லை. வெள்ளத்தில் விழுந்த பம்பரம் மாதிரி அது. சுற்றுவது தன் பலத்தில். போவது வெள்ளம் இழுக்கும் பக்கம். மேலே வீசும் காற்றுதான் அந்த வெள்ளம். சூடான கடல் தண்ணீர்தான் அதற்குத் தீனி. தரை ஏறியதும் தீனி நின்று போகும், மெலியத் தொடங்கும். ஆனால் மெலிவதற்கும் நேரம் வேண்டுமே? ஒரே ராத்திரியில் 200 கி.மீ. வந்துவிடுகிற புயல், மெலிந்தும் மெலியாமலும்தான் நம்ம வாசலுக்கு வருகிறது. அதோடு, மெலிவது காற்றுதான். மலையில் மோதினால் மழை கூடவே செய்யும்.

கஜா விஷயத்தில் வானிலைக்காரர்கள் சொன்னதையும் கவனிக்க வேண்டும். நவம்பர் 11-ந் தேதி அது புயலாக மாறியது. பேர் வைத்தது இலங்கை. யானை என்று அர்த்தம். யானை நடுக்கடலில் ஒரு வட்டம் அடித்தது! எந்தப் பக்கம் இழுப்பது என்று மேல் காற்றுக்கே தெரியவில்லை போலும்.

முதலில், "கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே" என்று அறிவிப்பு வந்தது. சென்னைக்காரர்கள் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்கிக் குவிக்கிற மாதிரி சேதி. அப்புறம் "கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே" என்று தெற்கே இறங்கியது. கடைசியில் காரைக்கால் ரேடார் அதன் கண்ணையே பிடித்துக் காட்டியது.

"பாத்தீங்களா, மாத்தி மாத்திச் சொல்றாங்க" என்று கேலி பேசியவர்கள் உண்டு. கேலி நியாயம் இல்லை. ஒரு நாள் முன்னதாகச் சொல்லும்போது சராசரியாக 70, 80 கி.மீ. பிசகுகிறது. மூன்று நாள் முன்னதாகச் சொன்னால் பிசகு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் ஒரே கோடாகப் போடாமல், போகப் போக அகலும் கூம்பாகப் படம் போடுகிறார்கள். கூம்புக்குள் இருக்கும் ஊர் எல்லாம் உஷாராக இருக்க வேண்டும் என்று பொருள்.

கடலூர் முதல் பாம்பன் வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கி.மீ. கடலூரில் ஏறி மேற்கே போனால் சேலம் பக்கம். பாம்பனில் ஏறினால் ராஜபாளையம் பக்கம். நடுவில் ஏறினால் நாம். கூம்பின் நடுவில் இருக்கிறோம் என்று இங்கே யாராவது எண்ணினோமா?

அறிவித்தபடி வராமலும் போகும். 2020 டிசம்பரில் "புரெவி" பாம்பனைத் தாண்டி தென் மாவட்டங்களுக்குள் நுழையும் என்று ஆறு மாவட்டங்களுக்கு லீவு விட்டார்கள். அது ராமநாதபுரம் கரை ஓரத்தில் நகராமல் உட்கார்ந்து, அங்கேயே மெலிந்து போனது. மழையோ சிதம்பரத்தில் கொட்டியது, கோவிலுக்குள் தண்ணீர்!

கஜாவுக்கு 41 வருஷத்துக்கு முன்...

வயசானவர்களைக் கேட்டால் இன்னொரு நவம்பரைச் சொல்வார்கள்.

1977 நவம்பர் 12. நாகைக்குச் சற்றுத் தெற்கே புயல் ஏறியது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டையில் மணிக்கு 120 கி.மீ. காற்று. உள்நாட்டைக் குறுக்கே கடந்து மறுநாள் காலை கேரளக் கடலில் இறங்கியது. பலியானவர்கள் 560 பேர். 10 லட்சம் பேர் வீடு இழந்தார்கள். 23 ஆயிரம் கால்நடைகள் மாண்டன. அந்தக் காலத்துக் கணக்கிலேயே நஷ்டம் 155 கோடி ரூபாய்.

அப்போது நாம் மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான்.

அதே நவம்பர் வெள்ளத்தில்தான் வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் குடகனாறு அணை உடைந்தது. மண் அணை. ஆற்றுப் படுகையில் இருந்து 11.45 மீட்டர் உயரம். வினாடிக்கு 1,275 கன மீட்டர் வெள்ளம் வரும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. வெள்ளம் ஏறியபோது ஷட்டர்களைத் தூக்கப் போனார்கள். பாதி தூக்குவதற்குள் கரண்ட் போய்விட்டது! ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தார்கள். கையாலும் சுற்றிப் பார்த்தார்கள். போகிற தண்ணீரைவிட வருகிற தண்ணீர் அதிகம். கரைக்கு மேலே வழிந்து, பின்பக்கச் சரிவை அரித்து, அணை பல இடங்களில் பிய்த்துக் கொண்டது. பிறகு வெள்ளம் போகக் கூடுதல் கண்கள் வைத்துத் திரும்பக் கட்டினார்கள்.

அஸ்திவாரம் பலமாகத்தான் இருந்தது. காலை வாரியது ஷட்டர் மோட்டாருக்கு வந்த கரண்ட்!

அந்தப் புயலை வெளியூர்க்காரர்கள் சீக்கிரம் மறந்ததற்கும் காரணம் உண்டு. சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 19-ந் தேதி, ஆந்திராவில் திவிசீமையைக் கடல் விழுங்கியது. சுமார் 10 ஆயிரம் பேர் பலி. அந்தச் சோகத்துக்கு முன் வேடசந்தூர்ச் சேதி எடுபடுமா?

1977-ல் ஏறிய இடமும் 2018-ல் ஏறிய இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேதிகூட நாலு நாள்தான் வித்தியாசம். 41 வருஷம் கழித்து அதே ரோட்டில் அதே வண்டி!

பேக்சில் வந்த கணக்கு

புயலின் பாதையைச் சொல்பவர்கள் ஒரு கூட்டம். "இந்தப் புயலால் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எவ்வளவு பழுக்கும்?" என்று கணக்குப் போடும் கூட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. அமெரிக்காவில் இது பெரிய தொழில்.

1992 ஆகஸ்டு 24-ந் தேதி "ஆண்ட்ரூ" என்ற சூறாவளி மியாமிக்குத் தெற்கே புளோரிடாவில் ஏறியது. கரன் கிளார்க் என்ற அம்மாள் அதற்கு அஞ்சு வருஷம் முன்புதான் இந்தக் கணக்குக்கென்றே கம்பெனி ஆரம்பித்திருந்தார். புயல் ஏறிய சில மணி நேரத்தில் பேக்ஸ் அனுப்பினார்: இன்சூரன்ஸ் நஷ்டம் 1,300 கோடி டாலரைத் தாண்டக் கூடும்!

இன்சூரன்ஸ் உலகம் நம்ப மறுத்தது. அவ்வளவு நஷ்டத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் வந்து நின்ற கணக்கு சுமார் 1,550 கோடி டாலர். 11 கம்பெனிகள் திவால்! அதன் பிறகு அந்த அம்மாளைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை.

அவர் போட்டது ஜோசியம் அல்ல. முதலில் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு தெருவிலும் எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கும்? அந்தத் தெருவில் இருப்பது காரை வீடா, ஓட்டு வீடா, தகரக் கொட்டகையா? எந்த வேகத்தில் எது பிய்யும்? அதில் எத்தனை பேர், எவ்வளவு தொகைக்கு இன்சூர் செய்திருக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டினால் தொகை வரும்.

கடைசிக் கேள்வியில்தான் நமக்குச் சங்கதி இருக்கிறது.

கஜா மாதிரிப் புயலை இந்தக் கணக்கில் போட்டு திண்டுக்கல் மேல் ஓட்டினால் என்ன வரும்? சிறுமலை வாழை சாயும். நத்தம் பக்கத்து மாமரங்கள் ஒடியும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வரவேண்டிய காய்கறி தோட்டத்திலேயே அழுகும். நிலக்கோட்டையில் பூ உதிரும். சின்னாளபட்டியில் தறி நிற்கும். சேதம் ஏராளம். ஆனால் "இன்சூரன்ஸ் நஷ்டம்" என்ற கட்டத்தில் விழும் தொகை சொற்பமாகத்தான் இருக்கும். ஏன்? பாலிசி போட்டவர்தானே அந்தக் கட்டத்துக்குள் வருவார்? மில்காரர் வருவார், தறிக்காரர் வரமாட்டார்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இன்சூரன்ஸ் கோரிக்கைகள் 5 ஆயிரம் கோடி ரூபாயை ஒட்டி வந்தன. தொழிற்சாலை, கார், ஆபீஸ் எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. கஜா அடித்த சீமையில் விழுந்தவை தென்னையும் கூரையும். காகிதம் இல்லை. ஆகவே இன்சூரன்ஸ் உலகத்தின் கணக்கேட்டில் கஜா ஒரு சின்னப் புயல். பட்டுக்கோட்டையில் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்!

கேட்டதும் கிடைத்ததும்

காகிதம் இல்லாதவருக்கு அரசு நிவாரணம்தான் கதி.

2018 நவம்பர் 22-ந் தேதி அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி டெல்லி சென்று பிரதமரிடம் கேட்டது சுமார் 15 ஆயிரம் கோடி ரூபாய். டிசம்பர் 31-ந் தேதி மத்திய அரசு தேசியப் பேரிடர் நிதியில் இருந்து ஒதுக்கியது ரூ.1,146 கோடி. சேதக் கணக்கு வேறு, நிவாரண விதி வேறு என்பது டெல்லியின் பதில். மாநில அரசும் தன் பங்குக்குக் கொடுத்தது.

விழுந்த தென்னை ஒன்றுக்கு ரூ.600. வெட்டி அப்புறப்படுத்த ரூ.500. ஆக ரூ.1,100.

அதே சமயம் தென்னைக்கு ஒரு இன்சூரன்ஸ் திட்டம் இருந்தது. தென்னை வளர்ச்சி வாரியமும் மத்திய அரசின் வேளாண் இன்சூரன்ஸ் கம்பெனியும் நடத்தியது. 16 வயது முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு வருஷப் பிரீமியம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியம் கட்டும், கால் பங்கை மாநில அரசு கட்டும். விவசாயி கையில் இருந்து போவது மூணரை ரூபாய். மரம் செத்தால் தொகை ரூ.1,750.

நூறு மரத்துக்குக் கட்ட வேண்டியது 350 ரூபாய். அன்றைக்கு நாலு பேர் குடும்பத்தோடு பரோட்டா சாப்பிடும் செலவு! கழிவு போக நிவாரணத்தைவிடக் கூடுதலாகவே வந்திருக்கும். அதைவிட முக்கியம், இன்சூரன்ஸ் வாங்கினால் நிவாரணம் கிடையாது என்று விதி ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. காய்க்கிற மரத்துக்கு 1,750 ரூபாய் என்பதும் போதாத தொகைதான். புதுக் கன்று வைத்துக் காய் பறிக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும்? தொகை கம்மி என்பதால்தான் பல பேர் எட்டிப் பார்க்கவில்லையோ என்னவோ.

வாழைக்காரர் பாடு வேறு மாதிரி. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் வருஷப் பயிரான தோட்டப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். ஆனால் நஷ்ட ஈடு உங்கள் தோட்டத்தைப் பார்த்துத் தருவதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது பிர்க்கா முழுவதும் சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத் தருவார்கள். உங்கள் வாழை மட்டும் ஒடிந்து, ஊர் வாழை நின்றால் ஏமாற்றம்தான். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற சிலவற்றுக்குத்தான் தனித் தோட்டக் கணக்கு. அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும். இந்த விவரம் தெரியாமல் கட்டிவிட்டு, பிறகு கம்பெனியைத் திட்டுகிறவர்கள் அனேகம்.

கடைக்காரர்கள் கவனிக்க!

இது பஜார் பக்கம். ஒரு கற்பனை ஜவுளிக் கடையை வைத்துக் கொள்வோம்.

பேங்கில் கடன் வாங்கியிருக்கிறார் முதலாளி. பேங்கே பாலிசி எடுத்து, பிரீமியத்தை அவர் கணக்கில் கழித்திருக்கிறது. "நம்மகிட்ட இன்சூரன்ஸ் இருக்கு" என்று தெம்பாக இருக்கிறார். பாலிசியைப் பிரித்துப் பார்த்தாரா என்றால், இல்லை.

பார்க்க வேண்டியது இரண்டு.

அந்தக் காலத்துத் தீ பாலிசியில் புயல், வெள்ளத்தைக் கழித்துவிட்டு வாங்க வழி இருந்தது. பிரீமியம் கொஞ்சம் குறையும். "திண்டுக்கல்லில் ஏது புயல்?" என்று அப்படிக் கழித்தவர் கதி என்ன? 2021 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து வீட்டுக்கும் சின்ன வியாபாரத்துக்கும் "பாரத்" என்ற பேரில் தொடங்கும் பொதுப் பாலிசிகள் வந்துள்ளன. அவற்றில் புயலும் வெள்ளமும் சேர்ந்தே வருகின்றன. உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள்.

அடுத்தது தொகை. கடையில் சரக்கு 10 லட்சம் ரூபாய்க்கு. பாலிசி 5 லட்சத்துக்கு. மழையில் 2 லட்சம் ரூபாய் சேலை நனைந்து பாழ். எவ்வளவு வரும்? "5 லட்சத்துக்கு உள்ளேதானே, 2 லட்சமும் வரும்" என்பார் முதலாளி. வராது! பாதிக்குத்தான் இன்சூர் செய்தீர்கள், பாதிதான் தருவோம் என்று 1 லட்சத்தோடு நிறுத்துவார்கள். புதுப் பாலிசியில் சிறு கடைக்காரருக்கு 15 சதவீதம் வரை குறைவு இருந்தால் கண்டு கொள்வதில்லை. வீட்டுக்கு அந்த வெட்டே இல்லை. ஆனால் பாதிக்குப் பாதி குறைத்துப் போட்டிருக்கும் கடைக்கு வெட்டு விழத்தான் செய்யும். தீபாவளிச் சரக்கு இறங்குவதும் புயல் வருவதும் அடுத்தடுத்து என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்கூட்டர், கார் வைத்திருப்போருக்கு: போலீசுக்குக் காட்ட மட்டும் வாங்கும் மூன்றாம் நபர் பாலிசியில், வண்டி மேல் மரம் விழுந்தால் பைசா கிடையாது. முழுப் பாலிசியில்தான் புயலும் வெள்ளமும் வரும். பேங்க் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டில் இயற்கைச் சீற்றத்தால் வரும் சாவும் சேரும். வாரிசுக்கு 2 லட்சம். பல வீடுகளில் அப்படி ஒன்று பிடிப்பது புருஷனுக்குத் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியாது. சொல்லி வைப்பது நல்லது.

"சரி, கூம்புப் படத்தில் திண்டுக்கல் வந்ததும் ஓடிப் போய்ப் பாலிசி எடுத்துக்கலாம்" என்று யாராவது நினைத்தால் அதுவும் நடக்காது. அமெரிக்காவில் அரசு வெள்ளக் காப்பீடு பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். சூறாவளி கிட்டே வந்துவிட்டால் கம்பெனிகள் புதுப் பாலிசி எழுதுவதையே நிறுத்திவிடும். பற்றி எரிகிற வீட்டுக்குத் தீ இன்சூரன்ஸ் எந்த ஊரில் தருவார்கள்?

புயல் போன மறுநாள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விழுந்த மரத்தையும் நனைந்த மூட்டையையும் இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, கம்பெனிக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் தகவல் சொன்ன பிறகு தொடுங்கள். சரக்கு ரிஜிஸ்தரையும் பில் கட்டையும் கடைக்குள்ளேயே வைக்காமல் வீட்டில் ஒரு நகல் வையுங்கள். கடையோடு அதுவும் நனைந்தால் சர்வேயரிடம் எதைக் காட்டுவது? தென்னந்தோப்புக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. விழுந்த மரத்தை எண்ணுகிற ஆள் வருவதற்குள், விலை பேச விறகுக்காரர் லாரியோடு வந்து நிற்பார்.